போர்மட் அடிக்கிறது வைத்தியம் இல்லை

கொம்பியூட்டர் ஒன் ஆகுதில்லை என்றால் முகத்துவாரத்தில் இருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒரே வைத்தியம்தான்: "போர்மட் அடிச்சிருவோம்." என்ன நடந்தது, எந்த இடத்தில் நின்றது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கிடையாது. காலையில் கொண்டு போய்க் கொடுத்தால் பின்னேரம் சுத்தமாகத் துடைத்துத் திருப்பித் தருவார்கள். மெஷின் ஒன் ஆகும். வால்பேப்பர் பளிச்சென்று இருக்கும். மூன்று வருஷ நோட்ஸ் மட்டும் இருக்காது.

அதுவும் உள்ளே லினக்ஸ் இருந்தால் கதை இன்னும் சுருக்கம். "லினக்ஸா? அது அப்பிடித்தான் தம்பி. விண்டோஸ் போட்டுத் தாறன்." இலவசமாகவும் சட்டப்படியாகவும் கிடைத்த ஒன்றை அழித்துவிட்டு, பெரும்பாலும் கள்ளக் கொப்பி ஒன்றைப் போட்டுத் தருவார்கள். அதற்குப் பெயர் ரிப்பேர். நாங்கள் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. காய்ச்சல் என்று வந்தவனின் ஞாபகத்தை அழித்து அனுப்பிவிட்டு, "இப்ப காய்ச்சல் இல்லைதானே" என்று கேட்பது மாதிரி இது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஒக்டோபர் 14 அன்று மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை புரோசஸரில் இருந்துதான் ஏற்றுக்கொள்ளும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பது என்ன? ஒஃபிஸ் ஒன்று கழித்துவிட்ட டெஸ்க்டொப். பாவித்த லெப்டொப். அண்ணா கம்பஸில் பாவித்து, தங்கச்சி ஏ/எல்லுக்குப் பாவித்து, இப்போது தம்பியிடம் இருக்கிற மெஷின். இவற்றுக்கு விண்டோஸ் 11 வராது. ஆனபடியால் உபுண்டுவுக்கும் லினக்ஸ் மின்டுக்கும் மாறியவர்கள் எங்கள் வட்டத்திலேயே நிறையப் பேர். மாறி ஆறு மாசமோ ஒரு வருஷமோ நன்றாக ஓடும். பிறகு ஒரு பெரிய அப்கிரேட் வரும். அது முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. பிறகு அதே வசனம், அதே போர்மட்.

குற்றவாளி யார்?

"லினக்ஸ் அப்டேட் பண்ணினா உடையும், விண்டோஸ் உடையாது" என்பது முதல் பொய்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனியின் ஒரேயொரு பிழையான அப்டேட், மைக்ரோசொப்ட் சொன்ன கணக்கில் 85 இலட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. விமானங்கள் பறக்கவில்லை, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. எப்படித் திருத்தினார்கள்? சேஃப் மோடில் போய், பிழையான அந்தக் கோப்பைத் தேடி அழித்தார்கள். ஒவ்வொரு மெஷினாக, கையால். 85 இலட்சத்துக்கும் போர்மட் அடிப்போம் என்று ஒரு விமானக் கம்பனியும் கிளம்பவில்லை. அவர்களுடைய தரவுக்கு மதிப்பு இருக்கிறது. எங்களுடையதுக்கு இல்லையா?

அடுத்த மாசமே இன்னொன்று நடந்தது. 2024 ஓகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தவர்களில் பலருடைய லினக்ஸை எழும்பவிடாமல் செய்தது. கிரப் என்ற தொடக்க மென்பொருளில் 2022இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு ஓட்டையை அடைக்கத்தான் அந்த அப்டேட். இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களை இது தொடாது என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருந்தது. ஆனால் தொட்டது. "ஏதோ பாரதூரமாகப் பிழைத்துவிட்டது" என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி காட்டிவிட்டு மெஷின் அணைந்துவிடும். முழுத் திருத்தம் 2025 மே மாசம்தான் வந்தது, ஒன்பது மாசம் கழித்து. ஆனால் கையால் திருத்தப் பத்து நிமிஷம் போதும். பயோஸில் செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், எஸ்பாட் கொள்கையை அழிக்கும் கட்டளை ஒன்றைக் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப செக்யூர் பூட்டைப் போட்டால் முடிந்தது. (விண்டோஸ் பக்கம் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புத் திறப்பை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்.) அந்த நாட்களில் எத்தனை பேருடைய லினக்ஸ், செய்யாத குற்றத்துக்காகத் துடைக்கப்பட்டிருக்கும்?

லினக்ஸ்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் வேண்டாம். 2020 ஜூலையில் பூட்ஹோல் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டுக்குப் பிறகு ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ் மெஷின்கள் எழும்பவில்லை. 2024 ஓகஸ்ட் கடைசியில் உபுண்டு 22.04இல் இருந்து 24.04.1க்குப் போகும் வழியைத் திறந்துவிட்டு, பெரிய பிழை ஒன்று தெரிந்ததும் சில நாட்களில் அவர்களே மூடினார்கள். அப்கிரேட் எல்லா இடத்திலும் உடையும். உடைந்தால் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமையும் வழியும் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். லினக்ஸில் இரண்டும் இருக்கின்றன. அந்த உரிமையைப் பாவிக்காமல் கடையில் ஒப்படைத்தால் லினக்ஸ் வைத்திருப்பதில் பாதிப் பிரயோசனம் போய்விடும்.

கரண்ட் போகிற நாடு

வெளிநாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டிகளில் இல்லாத ஒரு காரணம் எங்களிடம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னார். இவை பேப்பரில் வந்தவை. மழைக்கு ஒரு தெருவில் மட்டும் போகிற கரண்ட் பேப்பரில் வராது.

அப்கிரேட் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பொதிகளை எல்லாம் டவுன்லோட் பண்ணும். இந்த நேரம் நெட் போனாலும் கரண்ட் போனாலும் பெரிய பாதிப்பு இல்லை, பிறகு விட்ட இடத்தில் தொடரலாம். இரண்டாவது கட்டத்தில் பழையதை எடுத்து, புதியதை விரித்து, ஒவ்வொன்றாகப் பொருத்தும். இந்த நேரம் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசு. வீடு மாறும்போது சாமான் பாதி லொறியில், பாதி பழைய வீட்டில் நிற்கிற நிலைமை. லெப்டொப்புக்கு பேட்டரி இருக்கிறது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்புக்கு ஒன்றும் இல்லை.

இந்தப் பாதி நிலையைத் திருத்துவதற்கென்றே உபுண்டுவின் மீட்பு மெனுவில் ஒரு வரி இருக்கிறது. 'டிபிகேஜி' என்று தொடங்கும். உடைந்த பொதிகளைச் சரிசெய்வதுதான் அதன் வேலை. மெஷின் ஒன் ஆகும்போது ஷிஃப்ட்டை அமத்திப் பிடித்தால், புதிய மெஷின் என்றால் எஸ்கேப்பைத் தட்டினால், கிரப் மெனு வரும். 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் 'ரிக்கவரி மோட்' என்று முடியும் வரியை எடுங்கள். அந்த மெனுவில் இடம் துப்பரவாக்க ஒன்று, டிஸ்க்கைச் சோதிக்க ஒன்று, பொதியைத் திருத்த ஒன்று, கிரப்பைப் புதுப்பிக்க ஒன்று இருக்கும். கட்டளை எழுதத் தெரியாதவருக்கும் அம்புக்குறி விசை போதும். இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

எந்த இடத்தில் நின்றது?

மெஷின் எழும்புவது அஞ்சல் ஓட்டம் மாதிரி. ஒருவர் ஓடி வந்து அடுத்தவரிடம் தடியைக் கொடுக்க வேண்டும். "ஒன் ஆகுதில்லை" என்றால் யாரோ ஒருவர் தடியை விழுத்தியிருக்கிறார். அந்த ஒருவரைத் தேடுவதுதான் வேலை.

முதல் ஆள் பயோஸ். இங்கேயே நின்றால் லினக்ஸைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பழைய மெஷின்களில் காசுக் குற்றி மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அது செத்தால் திகதி பல வருஷம் பின்னால் போய்விடும், பயோஸில் மாற்றி வைத்தது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். டிஸ்க்கைப் பார்க்கும் முறையும் சில நேரம் மாறும். அதற்குப் பிறகு மெஷின் எழும்பாது. அப்கிரேட் நடந்த கிழமை இது நடந்தால் பழி அப்கிரேட்டில் விழும். பேட்டரியை மாற்றி, திகதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது ஆள் கிரப். கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்று மட்டும் வந்தால் இங்கே நிற்கிறது. லினக்ஸ் போட்ட பென் டிரைவால் எழுப்பி கிரப்பைத் திரும்ப நிறுவலாம். உங்கள் கோப்புகளில் கைவைக்கத் தேவையில்லை.

மூன்றாவது ஆள் கேர்னல். 'கேர்னல் பனிக்' என்று வரும், 'ரூட்டை மவுன்ட் பண்ண முடியவில்லை' என்று வரும். அப்கிரேட்டின் போது கேர்னலோடு சேர்த்து உருவாக வேண்டிய தொடக்கக் கோப்பு ஒன்று உருவாகாமல் போயிருக்கலாம். கரண்ட் போயிருக்கும், இல்லை என்றால் தனியாகப் பிரித்து வைத்த பூட் பகுதி பழைய கேர்னல்களால் நிரம்பியிருக்கும். லினக்ஸ் வழமையாகப் பழைய கேர்னலையும் வைத்துக்கொண்டுதான் புதியதைப் போடும். அதே 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்'இல் அதற்கு முந்திய இலக்கத்தைத் தெரிவு செய்தால், பல நேரம், ஒன்றுமே நடக்காத மாதிரி மெஷின் எழும்பிவிடும். ஒரு தெரிவில் தீர்கிற பிரச்சினைக்கு முழு டிஸ்க்கையும் துடைக்கிறார்கள்.

நாலாவது ஆள் சிஸ்டம்டி. 'எமர்ஜென்சி மோட்' என்று சொல்லி நிற்கும். கழற்றி விற்ற இரண்டாவது டிஸ்க் இன்னும் பட்டியலில் இருக்கலாம், அல்லது டிஸ்க்கில் பிழை இருக்கலாம். முகத்துவாரத்து உப்புக் காத்தில் பத்து வருஷம் இருந்த ஹார்ட் டிஸ்க் என்றால் உண்மையிலேயே சாகக் கிடக்கலாம். 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டால் வேறு எதையும் முயற்சி செய்யாதீர்கள். கோப்புகளை எடுங்கள், அவ்வளவுதான்.

கடைசி ஆள் திரை. எல்லாம் ஓடியிருக்கும், படம் மட்டும் வராது. அல்லது பாஸ்வேர்ட் கொடுத்தால் திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் 3 மூன்றையும் ஒன்றாக அமத்திப் பாருங்கள். எழுத்தில் பெயர் கேட்டால் மெஷின் உயிரோடு இருக்கிறது. என்விடியா கார்ட் என்றால் புதிய கேர்னலுக்கு அதன் டிரைவர் பொருந்தாமல் போயிருக்கும். இல்லை என்றால் டிஸ்க்கில் இடமே இருக்காது. படம் நிரம்பி வழிகிற டவுன்லோட்ஸைக் கொஞ்சம் காலி பண்ணினால் உள்ளே விடும்.

ஐந்து இடங்கள். ஒன்றிலும் போர்மட் முதல் மருந்து இல்லை.

முதலில் கோப்பு, பிறகு மெஷின்

சரி, உண்மையிலேயே திருத்த முடியாமல் உடைந்த மெஷினும் உண்டு. புதிதாகப் போடுவதுதான் கெதியான வழி என்ற நிலைமையும் வரும். நாங்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணித்தியாலம் செலவழிக்கச் சொல்கிறோம். உபுண்டு, மின்ட் இரண்டையும் பென் டிரைவில் இருந்தே, ஒன்றும் நிறுவாமல், ஓட்டிப் பார்க்கலாம். அப்படி எழுப்பி, உள்ளே இருக்கிற டிஸ்க்கைத் திறந்து, தேவையானதை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். பிறகு விரும்பினதைச் செய்யுங்கள். உபுண்டு 24.04இன் கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி, மின்ட் அதில் பாதி. இரவு டேட்டாவில் ஒரு தடவை இறக்கி ஒரு பென்னில் போட்டு வைத்தால் முழுத் தொடர்மாடிக்கும் காணும்.

மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது சிஸ்டத்தைப் பழைய நாளுக்குத் திருப்பும். உங்கள் படங்களையும் நோட்ஸையும் அது வழமையாகச் சேர்த்து வைக்காது. அவற்றுக்குத் தனிக் கொப்பி வேண்டும். மழைக்குத் தண்ணி ஏறினால் மெஷினைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கத் தெரிந்த எங்களுக்கு, கோப்பைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கத் தெரியாமல் போகக் கூடாது.

இது தனி ஆட்களின் கவலையீனம் மட்டும் இல்லை. 2023 ஓகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் பாய்ந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 முகவரிகளில் அமைச்சரவை அலுவலகமும் ஒன்று. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, காலாவதியான மென்பொருள். புதுப்பிக்கக் காசு இல்லை என்றார்கள். அந்த மூன்று மாசத்துக்கும் அதற்கு வெளியே ஒரு கொப்பி இருக்கவில்லை. நாட்டின் அமைச்சரவைக்கே இந்தக் கதி என்றால் கொமியூனிகேஷன் கடையில் டைப் பண்ணிய காணி உறுதியின் ஸ்கேனுக்கு யார் பொறுப்பு?

தமிழ் ஆட்களாகிய எங்களுக்கு இதில் இன்னும் கூடுதலாக ரோசம் வர வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த புத்தகங்களின் கணக்கை ஜூன் மாசம் வந்தால் ஆளுக்காள் பகிர்கிறோம். எரித்ததும் போர்மட் அடிப்பதும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்று குற்றம், மற்றது சோம்பல். ஆனால் அம்மம்மாவின் குரல் பதிவும், இடம்பெயர்ந்த வீட்டின் ஒரே படமும் ஒரு பாவித்த லெப்டொப்பில் மட்டும் இருந்தால், அது போன பிறகு அழுகிற அழுகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், இருக்கிறதை எல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்க ஓடுவது இதனால்தான்.

மேதாவிகளுக்கும் ஒரு வார்த்தை

கடைக்கார அண்ணாமாரை மட்டும் திட்டிவிட்டுப் போவது லேசு. அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து மெஷின். ஒவ்வொன்றிலும் எங்கே நின்றது என்று தேடினால் கடை வாடகை கட்ட ஏலாது. போர்மட் என்றால் விலையும் நேரமும் நிச்சயம். தேடுவதற்கு நாங்களும் காசு கொடுக்கத் தயாராக இல்லை. இது அவருடைய பிழை மட்டும் இல்லை.

எங்களுக்குக் கூடக் கோபம் லினக்ஸ் தெரிந்தவர்களோடு. "மெனுவலை வாசி", "கூகிள் பண்ணு", "நான் ஆர்ச்தான் பாவிக்கிறன், எனக்கு இந்தப் பிரச்சினை வாறதே இல்லை." இந்தப் பெருமையால் ஒரு மெஷினும் எழும்பியது இல்லை. மெனுவல் இருப்பது ஆங்கிலத்தில். கேர்னல் பேசுவது ஆங்கிலத்தில். டெஸ்க்டொப்பின் மெனுவைத் தமிழாக்கியவர்களுக்கு எங்கள் மரியாதை. ஆனால் மெஷின் நன்றாக இருக்கும்போது தமிழும், உடைந்த நேரம் ஆங்கிலமும் என்றால் உதவி தேவையான நேரம் கைவிட்ட மாதிரிதான். தமிழ்நாட்டில் கணியம் 2012இல் இருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதி வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டுத் தொண்டர்கள்தான் சகானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளைக் கட்டினார்கள். கட்டற்ற மென்பொருள், வேறு நாடுகளும் எடுத்துப் பாவித்தது. பெடோராவை வைத்து ஹந்தான லினக்ஸ் செய்ததும் இங்கேதான். ஆகவே "எங்கட ஆக்களுக்கு இது சரிவராது" என்று சொல்ல வேண்டாம்.

எங்கள் கோரிக்கை பெரிது இல்லை. கடைக்காரர், துடைக்க முன்னால் "உள்ளே என்ன இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும், கோப்பை எடுத்துக் கொடுக்கத் தனியாகக் காசு வாங்கினாலும் பரவாயில்லை. ஐ.சி.டி. படிப்பிக்கிற ஆசிரியர்கள், பயோஸுக்கு வரைவிலக்கணம் எழுதப் பழக்குவதோடு நிற்காமல், வேண்டுமென்றே ஒரு மெஷினை உடைத்து வைத்து, எழுப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர்கள், திருத்திய ஒவ்வொரு பிரச்சினைக்கும் தமிழில் பத்து வரி எழுதி வைக்க வேண்டும்: திரையில் என்ன வந்தது, என்ன செய்தோம், சரிவந்ததா. பாவிக்கிறவர்கள், அப்கிரேட்டை அமத்த முன்னால் கொப்பி எடுத்து, டிஸ்க்கில் இடம் பார்த்து, கரண்ட் நிற்கும் என்று நம்பக்கூடிய நேரத்தில் தொடங்க வேண்டும்.

மெஷின் நின்றால் திரையை போனில் ஒரு படம் எடுங்கள். கடைசி நாலு வரி போதும், அது ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. யாராவது "போர்மட் அடிச்சிருவோம்" என்று தொடங்கினால் அந்தப் படத்தைக் காட்டி, "எந்த இடத்தில நிக்குது அண்ணா?" என்று கேளுங்கள். தெரிந்தவர் என்றால் இடத்தைச் சொல்லுவார். சொல்லாவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், உங்கள் கோப்புகள் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.